மாடித் தேனீப் பெட்டிக்குக் கசியாத பாகுத் தொட்டி: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

பெங்களூரில் புங்கமரம் பூத்து ஓய்ந்து, ஜூன் மாதத்தில் மழை பிடித்துக்கொண்டதும், பெட்டித் தேனீக்களுக்குப் பஞ்ச காலம் தொடங்கிவிடுகிறது. பூ குறைந்துவிடும், இருக்கிற பூவிலும் மழை மதுரத்தைக் கழுவிவிடும், தூறல் விடாத நாட்களில் தேனீக்கள் வாசலைத் தாண்டுவதே இல்லை. செப்டம்பர் வரை நீளக்கூடிய இந்தக் காலத்தில், சேமித்த தேன் தீர்ந்துபோன தேனீக் குடும்பத்துக்குச் சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை ஊற்றி வைக்கும் தொட்டியை, கடைகளில் ஃபீடர் என்று விற்பதை, வீட்டிலேயே செய்துவிடலாம். சில பலகைகளை ஒட்டி ஒரு தொட்டி செய்ய அரை நாள் போதும். அது ஒழுகாமல் இருக்கச் செய்ய மூன்று நாட்களாவது ஆகும். அந்த மூன்று நாட்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

பாகு என்றதும் அதிரசத்துக்குக் கம்பிப் பதம் பார்க்கும் பாகை நினைத்துவிடக் கூடாது. கொதித்து இறக்கி வைத்த தண்ணீரில் அதே எடை வெள்ளைச் சர்க்கரையைப் போட்டுக் கரைத்தால் அதுவே தேனீக்கான பாகு. சர்க்கரை போட்ட பிறகு அடுப்பில் காய்ச்சுவதில்லை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நமக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தேனீயின் வயிற்றைக் கெடுத்துவிடும். ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு 200 கிராம் சர்க்கரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைச் சம எடைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 325 மில்லி பாகு கிடைக்கும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

பெங்களூர் அல்சூரில் ஒரு வாடகை வீட்டு மொட்டைமாடியில் முதல் பெட்டியை வைத்த ஆண்டில், சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டி நான் செய்த தொட்டி முதல் இரவிலேயே கசிந்தது. பாகு அடிப்பலகை வழியாக வழிந்து, பெட்டியின் கால்களில் இறங்கி, தரையில் ஒரு கையளவு ஈரத்தை உண்டாக்கியிருந்தது. விடிந்து பார்த்தபோது கைப்பிடிச் சுவரிலிருந்து பெட்டி வரை எறும்புகள் சாரை பிடித்திருந்தன. கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்திருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் கிண்ணத்து நீரின் மேல் விழுந்து கிடந்த காய்ந்த இலை ஒன்று அவற்றுக்குப் பாலமாகிவிட்டது. மூன்றாம் நாள் பெட்டி காலி. நம் ஊர் இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீயைப் போல இடைஞ்சலைப் பொறுத்துக்கொண்டு இருக்காது. எறும்பு, நாற்றம், பசி, ஈரம் என்று ஏதேனும் ஒன்று மிகுந்தால் புழுவையும் அடையையும் விட்டுவிட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும். எறும்பு வராத இடத்திலும் கசிவின் வாசனைக்குப் பக்கத்துக் கூட்டுத் தேனீக்களும் குளவிகளும் கொள்ளையடிக்க வந்துவிடும். ஆகவே கசிவால் வீணாகும் சர்க்கரையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது மிகச் சிறிய இழப்பு.

எதில் செய்வது

ஊர்ப்பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் பாகை ஊற்றி, குறுக்கே குச்சிகளைப் போட்டுப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் உண்டு. ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை என்றே நினைக்கிறேன். கண் இல்லாத பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். கண் உள்ள பாதி என்றால் மூன்று கண்களில் மெல்லியதாக இருக்கும் ஒன்று எப்போது வேண்டுமானாலும் கசியும், அதன் மேல் உருக்கிய தேன்மெழுகைச் சொட்டிவிட வேண்டும். மூடி இல்லாத சிறிய எவர்சில்வர் டப்பாவும் அதே வேலையைச் செய்யும், அதில் அடைக்க வேண்டிய பொருத்தே கிடையாது. துத்தநாகம் பூசிய தகரம் மட்டும் வேண்டாம். புளிக்கத் தொடங்கிய பாகு அந்தப் பூச்சை அரிக்கும்.

சிரட்டைக்கும் டப்பாவுக்கும் உள்ள குறை, அவற்றை வைக்க, தேனீக்கள் புழு வளர்க்கும் கீழறையான புழு அறைக்கு மேலே காலியான ஓர் அறை வேண்டும் என்பதே. பாகைக் கூட்டத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டுமானால், தேனீக்கள் அடை கட்டும் மரச் சட்டங்களில் ஓரிரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொங்கவிடும் மரத் தொட்டிதான் சரி. குளிர்ந்த மழை நாட்களில் தேனீக்கள் தங்கள் திரளை விட்டு மேலே ஏறி வரத் தயங்கும் என்பதால் பெங்களூருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியது.

மரமும் பொருத்தும்

உங்கள் பெட்டியின் சட்டம் ஒன்றை அப்படியே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெட்டியின் அளவு இன்னொருவருக்கு ஒத்துவரும் என்று நம்பக் கூடாது. என்னுடைய தொட்டியின் உள்ளளவு நீளம் 20 செ.மீ., உயரம் 13 செ.மீ., அகலம் 2.5 செ.மீ. விளிம்பு வரை 650 மில்லி கொள்ளும், நான் பாதிதான் ஊற்றுகிறேன். மேல் பலகையின் இரு முனைகளும் சட்டத்தின் காதுகளைப் போல நீண்டு பெட்டியின் விளிம்பில் உட்கார வேண்டும்.

தேக்குத் துண்டுகள் சிறந்தவை. மர டிப்போவில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துத் தரச் சொல்லலாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை குத்திய, தண்ணீரைத் தாங்கும் மரைன் வகையாக இருக்க வேண்டும். அலமாரிக்குப் பயன்படும் சாதாரண பிளைவுட்டும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளும் ஒரு மழைக்காலத்திலேயே ஊறிப் பிளந்துவிடும். மரைன் பிளைவுட்டிலும் வெட்டிய ஓரம் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், அந்த ஓரங்களுக்கு மெழுகைத் தாராளமாகத் தர வேண்டும்.

என் இரண்டாவது தொட்டிக்குப் பலகை இழைத்துத் தந்த ஆசாரி, முதல் தொட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது சாமான் போடுற பெட்டி மாதிரி பண்ணிருக்கீங்க. தண்ணி நிக்கணும்னா ஆணியை நம்பக் கூடாது, மரத்தோட மரம் உக்காரணும்” என்றார். பலகையின் முனையை இன்னொரு பலகையின் பக்கத்தில் வெறுமனே முட்டவைத்து ஆணி அடித்திருந்தேன். அவர் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பாதிக் கனத்துக்குப் படி போல வெட்டி, ஒன்றின் படியில் மற்றொன்று உட்காரும்படி செய்தார். இப்படிச் செய்தால் பாகு வெளியே வர வேண்டுமானால் ஒரு முறை திரும்பி வர வேண்டியிருக்கும். பசை பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. பசையோ மெழுகோ எதுவும் போடாமல் பலகைகளைக் கையால் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பொருத்தின் வழியே வெளிச்சக் கோடு தெரிந்தால் ஒட்டாமல் மறுபடியும் இழைக்க வேண்டும். அந்தக் கோட்டை மெழுகு மூடிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன.

பசையைப் பொறுத்தவரை, தண்ணீரைத் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்ட மரைன் வகை மரப்பசை வாங்குங்கள், பெங்களூரின் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் மட்டுமல்ல, தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்தபின் கல் போல இருந்தாலும், ஈரத்திலேயே கிடந்தால் பால் நிறமாகி இளகிவிடும். இரண்டு முகங்களிலும் மெல்லியதாகத் தடவி, அடிப்பலகையையும் பக்கங்களையும் சேர்த்து, கிளாம்ப் போட்டோ கயிறு முறுக்கியோ இறுக்கி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். உள்ளே பிதுங்கி வந்த பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்த பசையின் மேல் மெழுகு ஊறி இறங்காது. துணைக்குத் திருகாணி போடுவதானால் பித்தளையில் போடுங்கள்.

மெழுகு பூசுதல்

பாகு படும் உட்புறத்துக்கு நான் நம்புவது தேன்மெழுகு ஒன்றைத்தான். பெயிண்டும் வார்னிஷும் உள்ளே கூடாது. கடையில் ‘காய்ச்சியது’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள் என்பதால் அதுவும் உள்ளே வேண்டாம். பிறந்தநாள் கேக்குக்கும் மின்வெட்டுக்கும் வாங்கும் மெழுகுவத்தி பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின், அதில் சாயமும் மணமும் கலந்திருக்கக் கூடும். தேன்மெழுகு தேனீயே சுரந்த பொருள், அதன் வாசனை பெட்டிக்குள் அந்நியமாகத் தெரியாது. உங்கள் பெட்டியின் பழைய அடைகளைத் துணியில் கட்டிக் கொதிநீரில் அமுக்கினால் மெழுகு மேலே மிதந்து வந்து ஆறியதும் தட்டாக உறையும். இன்னொருவர் பெட்டியின் அடையையோ தேனையோ மட்டும் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். 1991-92 வாக்கில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்த ‘தாய் சாக்புரூட்’ (தாய்லாந்தின் பெயரால் வழங்குவது) என்ற வைரஸ் நோய் இன்னும் போய்விடவில்லை, அது தீனி வழியாகவும் பரவும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். பாத்திரத்தை நேராக நெருப்பில் வைக்கக் கூடாது, சூடேறிய மெழுகு எண்ணெயைப் போலத் தீப்பற்றும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் மெழுகு உள்ள சிறு பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். அந்தச் சிறு பாத்திரம் அதன் பிறகு சமையலறைக்குத் திரும்பாது என்பதால் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு பழையது ஒன்றை எடுப்பது நல்லது. நான் சொன்ன அளவுத் தொட்டியில் 30 முதல் 40 கிராம் மெழுகுதான் ஒட்டி நிற்கும். ஆனால் சுழற்றி ஊற்ற வசதியாக 150 கிராமாவது உருக்கிக்கொள்ள வேண்டும், மிச்சம் வீணாகாது.

எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். குளிர்ந்த மரத்தில் சூடான மெழுகை ஊற்றினால் தொட்ட இடத்திலேயே அது உறைந்து, மரத்துக்குள் இறங்காமல் தோல் போல மேலாக நிற்கும். பத்து நாளில் அப்பளம் போல உரிந்து வரும். மரம் முதலில் சூடாக வேண்டும். வெயில் காலமானால் தொட்டியை மாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், ஜூலையில் முடி உலர்த்தும் டிரையரை உள்ளே காட்டிக் கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பைத் தாண்டிய சூடு வந்ததும் நிறுத்தலாம். உடனே மெழுகைத் தொட்டிக்குள் ஊற்றி, இரு முனைகளையும் பிடித்துச் சாய்த்து, அடி மூலைகள் நான்கிலும் மெழுகு ஒரு கணம் தங்கி ஓடும்படி மெதுவாகச் சுற்றுங்கள். உலர்ந்த மரத்தில் மெழுகு ஓடும் இடமெல்லாம் நிறம் கருத்து ஈரம் பட்டது போல ஆகும். பொருத்துகளில் குண்டூசித் தலை அளவுக்குக் காற்றுக் குமிழ்கள் கிளம்பி வெடிக்கும். குமிழ் வரும் இடத்தில் மெழுகு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், அங்கே இன்னும் சற்று நேரம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குமிழ் நின்றதும் மிச்சத்தைப் பாத்திரத்தில் ஊற்றிவிடலாம். பத்து நிமிடம் கழித்து, சற்றே ஆறிய மெழுகால் இரண்டாவது பூச்சு. முதல் பூச்சு மரத்தின் துளைகளை நிரப்புகிறது, இரண்டாவது பூச்சு அதன் மேல் படலமாக நிற்கிறது.

மெழுகு முழுவதும் உறைவதற்குள் இன்னொரு வேலை உண்டு. வழுவழுப்பான மெழுகுச் சுவரில் தேனீயின் கால் நிற்காது, பாகில் விழுந்தால் ஏற முடியாமல் மூழ்கிவிடும். ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கொசுவலையில் 19 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, இரு நீண்ட சுவர்களின் உட்புறத்திலும் விரலால் அழுத்திவிடுங்கள். இளகிய மெழுகு கண்ணிகளின் வழியாக வந்து வலையைப் பிடித்துக்கொள்ளும். இதோடு பாகின் மேல் மிதக்க மெல்லிய மரச்சிம்புகள் நாலைந்தும் வேண்டும். தெர்மோகோல் மிதக்கும்தான், ஆனால் தேனீக்கள் அதைக் கடித்துத் துகளாக்கிப் பெட்டி முழுவதும் இறைத்துவிடும்.

சிலிகான் பற்றி

சிலிகான் பசையை விரும்புபவர்களும் உண்டு, பிளைவுட் தொட்டிக்கு அது மோசமான தேர்வு இல்லை. மீன்தொட்டிக்கு என்று குறிப்பிட்ட வகையை மட்டும் வாங்க வேண்டும். குளியலறைக்கான சிலிகானில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும், அது பாகில் இறங்கக் கூடாது. பூசியதும் வினிகர் நெடி வீசும். அந்த நெடி முற்றிலும் போகும் வரை, குறைந்தது மூன்று நான்கு நாட்கள், தொட்டி பெட்டியின் பக்கமே போகக் கூடாது. மெழுகு பட்ட மரத்தில் சிலிகான் ஒட்டாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டையும் பயன்படுத்துவதானால் சிலிகானை முதலில் பூசுங்கள். ஒழுகும் மெழுகுத் தொட்டியின் மேல் சிலிகானை அப்பிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

சோதனை

தொட்டியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பாகைவிடத் தண்ணீர் இளக்கமானது, பாகு புகாத சந்திலும் புகும். அதனால் தண்ணீரைத் தாங்கிய தொட்டி பாகையும் தாங்கும். நீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் ஓரிரு மில்லிமீட்டர் குறைவது ஆவியாவதால். முதல் அரை மணியில் ஒரு துளி கசிந்து பிறகு நின்றுவிட்டால் மரம் ஊறி அந்தச் சந்து மூடிக்கொண்டது என்று பலர் திருப்தி அடைந்துவிடுவார்கள். நான் அடைவதில்லை. தொட்டி காய்ந்ததும் அந்தச் சந்து மறுபடி திறந்துகொள்ளும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருப்பதே போதுமானதாக இருந்தது. தொட்டியின் வெளிப்பக்கத்தை உலரத் துடைத்து, பொருத்துகள் நெடுக விபூதியை விரலால் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கசிவு மெல்லியதாக இருந்தாலும் வெள்ளைக் கோட்டில் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாகக் கருத்துக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, தண்ணீரைக் கொட்டி, இரண்டு நாள் நன்றாக உலரவிட்டு, டிரையரால் உட்புற மெழுகை இளக்கி, மேலும் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பிடித்து, பிறகு சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஈர மரத்தின் மேல் மெழுகு பிடிக்கவே பிடிக்காது, அவசரப்பட்டுப் பயனில்லை.

கவிழ்த்த பாட்டில்

மூடியில் துளையிட்ட பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதைப் பலர் காணொளியில் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள். அதில் பாகைத் தாங்கி நிற்பது உள்ளே உண்டாகும் காற்றழுத்தக் குறைவு. மூடியின் விளிம்பு வழியாகக் காற்று நுழைந்தால் மொத்தப் பாகும் சொட்டித் தீரும். ஆகவே இங்கே அடைக்க வேண்டியது மூடியின் திருகுப் பாதை. பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பாட்டில் வாயில் மூன்று சுற்றுச் சுற்றி மூடியை இறுக்கினால் போதும். துளைகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் ஆறேழு இருக்கலாம். ஒரு வாளிக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தால் சில துளிகள் விழுந்து நின்றுவிட வேண்டும். கண்ணாடி பாட்டிலே நல்லது. அழுத்தினால் குழியும் பிளாஸ்டிக்கில் அழுத்தம் நிலைக்காது. பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம் என்பதால் வெயில் பட்டதும் அது விரிந்து பாகை வெளியே தள்ளும். அதைத் தவிர்க்கச் சிறிய பாட்டிலாக எடுத்து நிறைய ஊற்றுங்கள், மேலே காலி அறை ஒன்றை வைத்து, மேல்மூடியையும் போட்டு, மழையும் வெயிலும் படாமல் மறைத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் வைப்பதும் பிறகும்

தேன் சேர்வதற்காகப் புழு அறைக்கு மேலே தேன் அறை வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டே பாகு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பிறகு எடுப்பது தேனாக இருக்காது. பாகு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் மூன்று நாள் உழைத்துப் பூசிய மெழுகு இளகிவிடும். இருட்டும் நேரத்தில், வாசலிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் தொட்டியைத் தொங்கவிட்டு, வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். தொட்டிக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டர் அளவுக்கு வழி இருக்கட்டும். பாகு கையில் பட்டிருந்தால் பெட்டியைத் தொடுவதற்கு முன் கழுவுங்கள்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறக்க வேண்டாம். குனிந்து பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே கையால் தடவிப் பார்த்தால் போதும். பிசுபிசுப்பு இல்லையென்றால் தொட்டி நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் குடிக்காமல் மிஞ்சிய பாகு புளித்துப்போகும், அதைக் கொட்டிவிட்டுத் தொட்டியைப் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கழுவுங்கள். கொதிநீர் மெழுகை உருக்கிவிடும், சோப்பின் வாசனை தேனீக்களுக்கு ஆகாது, கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீர் போட்டுத் தேய்க்கலாம். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டு தொட்டி வேண்டும், எது எந்தப் பெட்டியுடையது என்று எண் எழுதி வையுங்கள்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் குளிர் 15 டிகிரிக்கு இறங்கும்போது மெழுகு இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. அப்போது கீழே போட்டால் மூலைகளில் முடி போன்ற விரிசல் விழும். அதனால் பருவம் முடிந்ததும் தொட்டியை உலர்த்திக் காகிதத்தில் சுற்றி வைத்து, அடுத்த மே மாதக் கடைசியில் எடுத்து, டிரையரை ஒரு முறை உள்ளே காட்டி மெழுகை இளக்கிவிட்டு, மறுபடியும் விபூதிக் கோடு போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.